திராட்சைப் பந்தலில் ஹீயும் ஹிம்மும்

சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் முதலில் ஒரு பெருமூச்சு கேட்கும். பிறகு அது கொதிக்கும். அதற்குப் பிறகுதான் அந்த வாசனை, மூக்கின் உள்சுவரை லேசாகச் சுட்டுவிட்டுப் போகிற சூடான ஈர வாசனை. நான் இப்போது குடியிருக்கிற நகரத்தில் யாரும் சுண்ணாம்பு அடிப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் எதிர்வீட்டுச் சுற்றுச்சுவருக்காக யாரோ ஒரு டிரம்மில் கல்லைப் போட்டுத் தண்ணீரைச் சாய்க்க, மாடி ஜன்னலில் காப்பி டம்ளரோடு நின்றபடியே நான் சுருளிப்பட்டிக்குப் போய்விட்டேன். இந்த வாசனைக்குப் பின்னால் நீலம் வர வேண்டுமே என்று காத்திருந்தேன். வரவில்லை. எதிர்ச்சுவர் வெறும் வெள்ளையாகவே காய்ந்தது.

எங்கள் திராட்சைத் தோட்டத்தில் நீலம் வரும். ஒரு டிரம்மில் சுண்ணாம்பு, இன்னொன்றில் மயில்துத்தம். இரண்டையும் மூன்றாவது டிரம்மில் ஒன்றாக ஊற்றினால் மயில் கழுத்தைத் தயிரில் கரைத்தது போல ஒரு நீலம் எழும். பூசணம் பிடிக்காமல் இருக்க அதைத்தான் இலைகளுக்கு அடிப்பார்கள். அடித்து இரண்டு நாளைக்குப் பந்தல் முழுக்க நீலம் பூத்திருக்கும். கல்தூண்களில் நீலம், கம்பியில் நீலம், கீழே நடக்கிறவர்களின் தலைமுடியில் நீலம். வெயில் அந்தப் பந்தலுக்குள் நேராக இறங்காது. இலை இலையாகத் தங்கி, பச்சையும் நீலமுமாகி, களைத்துப் போய்த்தான் தரைக்கு வரும். குளத்துக்கு அடியில் மனிதர்கள் நடமாடினால் அப்படித்தான் இருக்கும். பேச்சும் அங்கே தண்ணீருக்குள் பேசுவது போல மெதுவாகத்தான் போய்ச் சேரும்.

அந்தப் பச்சைத் தண்ணீருக்குள் நின்றுதான் என் மதினி இங்கிலீஷ் பேசிப் பழகினார்.

மதினி என்பது என் அண்ணன் மனைவி. பெரியகுளத்துப் பக்கம் கெங்குவார்பட்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். கம்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புது நூற்றாண்டு தொடங்கி மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நர்ஸ் படித்த பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கடல் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் காற்று குமுளி மலைப்பாதை வழியாக இறங்கி எங்கள் மதினி மேலும் அடித்துவிட்டது. அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிறார்கள். சான்றிதழெல்லாம் சரியாக இருக்கிறதாம். இனி டெலிபோனில் ஒரு நேர்காணல்தான் பாக்கி. அதில் தேறிவிட்டால் போகலாம். போக வேண்டும் என்பது மதினியின் ஆசை. ஆசை என்று எழுதுகிறேன், அது அதைவிடப் பெரிது. சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அவர் ஏற்கெனவே பாதி அங்கே போயிருந்தார்.

அண்ணனுக்குச் சம்மதம். அய்யா என்று நாங்கள் கூப்பிடுகிற அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அய்யா ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது 'வேண்டாம்' என்று அர்த்தம். அம்மா இல்லாத வீடு. அதற்கு முந்தைய வருஷம் அய்யாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோனது. அவரைக் குழந்தையைப் போலத் தூக்கி நிறுத்தி, திரும்பவும் நடக்கவைத்தது மதினிதான். கைத்தடியோடு தோட்டத்துக்கு வந்துபோகிற அளவுக்குத் தேறிவிட்டிருந்தார். எல்லாப் பேச்சையும் முகவாயைத் தடவியபடியே கேட்டுக்கொள்வார். இந்தப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

அண்ணனின் தங்கையான நான் தினம் பஸ்ஸில் போய் வந்து ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் பந்தல் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், ஒரு மனிதரோடும் ஒரு வாக்கியம் பேசியதில்லை. மதினியின் நிலை நேர் எதிர். டாக்டர்களோடு தினமும் பேசுகிறார், ஆனால் எல்லாம் ஒற்றை ஒற்றைச் சொல். பி.பி. நார்மல். ட்ரிப் ஓவர். எஸ் டாக்டர்.

"ஏத்தா, எனக்கு இங்கிலீஷ் உள்ளுக்குள்ள இருக்கு. வெளிய வரத்தான் வெக்கப்படுது" என்றார்.

வீட்டில் பழக முடியாது, அய்யா கூடத்திலேயே இருப்பார். அதனால் பகலில் வேலை இல்லாத நாட்களில் மதினி என்னோடு தோட்டத்துக்கு வந்துவிடுவார். குலைகளை மறைக்கிற இலைகளைக் கிள்ளி எறிய வேண்டிய பருவம் அது. இருவரும் கையை உயர்த்தி இலையைக் கிள்ளிக்கொண்டே பேசுவோம்.

முதல் நாளே சிக்கல் பிடிபட்டுவிட்டது. மதினி ஆரம்பித்தார்: டாக்டர் வந்தார், நோயாளியைப் பார்த்தார் என்பதை, "டாக்டர் கேம். தே சா த பேஷண்ட். தே டோல்ட் மீ..."

"எத்தன டாக்டர் வந்தாக மதினி?"

"ஒருத்தர்தான்."

"அப்ப தே வராது. ஹீ."

"ஹீன்னா அவன்ல?"

"அவனும் ஹீதான், அவரும் ஹீதான், அவுகளும் ஹீதான்."

மதினி கிள்ளிய இலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பெரிய டாக்டருக்கும், டீ கொண்டுவர்ற பயலுக்கும் ஒண்ணா?"

"ஒண்ணுதான்."

"என்ன பாசைத்தா இது. ஆளு தரம் தெரியாம."

எங்கள் பக்கத்தில் ஒருவர் வந்தாலும் 'வந்தாக'. ஒருவர் சொன்னாலும் 'சொன்னாக'. மரியாதை என்றால் ஒருவரைப் பலராக்கிவிடுவது. கட்டியவரையும் மாமனாரையும் பெரிய மனிதர்களையும் ஒருமையில் சொன்ன நாக்கு அழுகிவிடும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த நாக்குக்கு 'தே'தான் இயல்பாக வரும். அதைப் பிழை என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை.

இதை எழுதும்போதும் அதே திண்டாட்டம்தான். பேச்சில் நாங்கள் 'மதினி வந்தாக' என்போம். அச்சுத் தமிழில் அந்த 'வந்தாக' கிடையாது. 'வந்தார்' என்று போட்டால் மதினி ஏதோ அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார். 'வந்தாள்' என்று போட எனக்குத் தைரியம் இல்லை. மேஜை பரவாயில்லை என்று விட்டிருக்கிறேன். அய்யா என்னவோ மதினியை 'அது' என்றுதான் சொல்வார். 'அது சாப்புட்டுச்சா?', 'அது வேலைக்குப் போயிருச்சா?' கன்றுக்குட்டிக்கும் கைக்குழந்தைக்கும் மருமகளுக்கும் எங்கள் ஊர் ஆண்கள் வைத்திருக்கிற செல்லச் சொல் அது. அதற்கு ஆங்கிலத்தில் ஒன்றும் தேட முடியாது. தேடினால் அடிதான் விழும்.

பந்தலில் இலை கிள்ளக் கூலிக்கு வரும் பெண்கள் இருந்தார்கள். அவர்களைக் கூட்டி வருகிற பெண்ணை ஊரே சித்தி என்றுதான் கூப்பிடும். சித்திக்கு வாய் நிற்காது. எங்கள் பாடத்தைப் பந்தலின் அடுத்த வரிசையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ஏத்தா, அந்த ஹீ-ய கொஞ்சம் எங்களுக்கும் குடுங்க."

"எதுக்கு சித்தி?"

"வீட்டுக்காரர் பேரச் சொல்ல முடியல, அவுக இவுகன்னு சொன்னா எந்த அவுகன்னு கேக்குறாளுக. இது நல்லாருக்குல்ல. பேரும் இல்ல, மரியாதக் கொறச்சலும் இல்ல."

அந்தப் பெண்களில் ஒருத்தியின் கணவருக்கு ஒரு தமிழ் மாதத்தின் பெயர். அந்த மாதம் வந்தால் அவள் 'ஐப்பசிக்கு அடுத்தது' என்பாள். அவளுக்குத்தான் முதலில் ஹீ பிடித்துப்போனது. இரண்டே நாளில் பந்தல் முழுக்க ஹீ படர்ந்துவிட்டது. அதுவும் எப்படி? 'ஹீ வந்தாக', 'ஹீ சாப்புட்டாக'. ஆங்கிலேயர் மரியாதை சேர்க்க மறந்துபோன சொல்லுக்குப் பின்னால் எங்கள் பெண்கள் தங்கள் கையால் ஒரு 'ஆக'வைக் கட்டிவிட்டார்கள்.

ஹிம் அடுத்து வந்தது. செய்கிறவர் ஹீ, செய்யப்படுகிறவர் ஹிம் என்று நான் மதினிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஐ லிஃப்டட் ஹிம். ஹீ தேங்க்ட் மீ. தமிழில் சொல்லுக்கு ஒரு வால் ஒட்டிவிட்டால் போதும்: அவர், அவரை. ஆங்கிலத்தில் ஆள் முகத்தையே மாற்றிக்கொண்டு வருவார்: ஐ போய் மீ ஆகிவிடுவார், ஷீ போய் ஹெர். எழுவாய், செயப்படுபொருள் என்றெல்லாம் சொன்னேன். மதினிக்குத் தலை சுற்றியது. அடுத்த வரிசையில் சித்தி தன் கூட்டத்துக்கு அதை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிச்சு வேலைக்குப் போனா ஹீ. குப்புறப் படுத்துக் கெடந்தா ஹிம்மு."

"அப்ப எங்க வீட்ல வருசம் பூரா ஹிம்முதான்" என்று யாரோ சொல்ல, கம்பியில் உட்கார்ந்திருந்த குருவிகள் பறந்துபோகிற அளவுக்குச் சிரிப்பு.

அதிலிருந்து 'ஹிம்மத் திட்டாத', 'ஹிம்முக்குச் சோறு வச்சிட்டியா' என்று வேற்றுமை உருபுகளோடு ஹிம்மு எங்கள் தோட்டத்தில் குடியேறிவிட்டது. அண்ணன் பழக்கூடை எடுக்க வந்தால் எல்லோரும் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

"என்ன சிரிப்பு? என்னய எதுல வச்சிருக்கீக?" என்றார் அண்ணன். அவர் காதுக்கும் விஷயம் போயிருந்தது.

மதினி இலைகளுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். சித்திதான் பதில் சொன்னார். "நேத்து வரைக்கும் ஹிம்முதான். இன்னக்கி அந்தக் கூடை அம்புட்டையும் ஒத்தையாத் தூக்குனா ஹீயாக்கலாம்னு பேசிருக்கோம்."

அண்ணன் தூக்கினார். பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஹிம்மாவே இருந்துட்டுப் போறேன் சித்தி."

அந்த நாட்களை நினைத்தால் ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. ஒரே நாள் போல, ஒரே நீளமான பகல் போல வருகின்றன. மேற்கே மலைமேல் மேகம் வந்து உட்காரும், எழும், உட்காரும். காற்று பள்ளத்தாக்கின் நீளத்துக்கு ஓடி வந்து பந்தல் மேல் கையை வைத்து அழுத்தும். அத்தனை இலைகளும் ஒரே நேரத்தில் வெள்ளை முதுகைக் காட்டும். அந்தச் சத்தத்துக்குள் மதினியின் குரல் மட்டும் தனியாக நடந்துகொண்டிருக்கும். ஐ கேவ் ஹிம் த மெடிசின். ஹீ ஆஸ்க்ட் மீ ஃபார் வாட்டர். ஷீ அண்ட் ஐ சேஞ்ச்ட் த ஷீட். சொல்லச் சொல்ல மதினி உயரமாகிக்கொண்டே போவது போலிருக்கும். தலை பந்தலைத் தாண்டி அந்தப் பக்கம் வெயிலில் நிற்பது போல.

இரண்டு பேர் சேர்ந்து வந்தால்தான் மதினி தடுமாறுவார். டாக்டரும் நானும் என்பதற்கு, 'டாக்டர் அண்ட் மீ வென்ட்' என்பார். சரியென்று திருத்தினால், அடுத்த முறை, 'சிஸ்டர் கால்டு டாக்டர் அண்ட் ஐ' என்பார். எனக்கு ஒரு வழி தெரியும். கூட இருப்பவரை எடுத்துவிட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். மீ வென்ட் என்று யாராவது சொல்வார்களா? கால்டு ஐ என்று வருமா? காதே சொல்லிவிடும்.

"டாக்டரக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க மதினி. தனியா நின்னா நீங்க யாருன்னு தெரிஞ்சிரும்."

"டாக்டரத் தள்ளி நிக்கச் சொல்ல நான் யாருத்தா?" என்று மதினி சிரித்தார். ஆனால் அந்த வழி பிடித்துப்போனது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் உதட்டுக்குள் ஒருவரை நகர்த்திவிட்டு, சரிபார்த்துக்கொண்டு, திரும்ப அழைத்து வந்து பக்கத்தில் நிறுத்துவார். அந்த ஒரு நொடி மௌனம் அவர் ஆங்கிலத்துக்கு ஒரு கம்பீரத்தைக் கொடுத்தது.

எனக்கே தெரியாத கேள்விகளும் கேட்பார். "போன்ல யாரு பேசுறதுன்னு கேட்டா, நான்தான்னு சொல்ல 'ஐ'யா 'மீ'யா?" என் பாடப்புத்தகம் இட் இஸ் ஐ என்றது. டி.வி.யில் வருகிறவர்கள் எல்லோரும் இட்ஸ் மீ என்றார்கள். நான் இரண்டையும் சொன்னேன். "ஆக, அவுகளுக்கே தாங்க யாருன்னு முடிவாகல" என்றார் மதினி.

நேர்காணலுக்குச் சொல்ல ஒரு நோயாளியின் கதையைத் தயார் செய்து வைத்திருந்தோம். போடி பக்கம் இலவ மரத்தில் காய் பறிக்க ஏறி விழுந்து தொடை எலும்பு முறிந்த ஒரு ஆள். மதினி பார்த்துக்கொண்டவர்தான். சின்ன வயதுக்காரர், உறவில்லாதவர். அவரை ஹீ என்பதில் மதினியின் நாக்குக்கு ஒரு சங்கடமும் இல்லை. அந்தக் கதை மழுமழுவென்று ஓடியது.

அந்த வேளையில்தான் சித்தி அய்யாவிடம் வாயை விட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்திருந்தோம். அய்யா தொட்டி விளிம்பில் சாய்ந்திருந்தார்.

"அய்யா, சங்கதி தெரியுமா? இங்கிலீசுல ஒங்களச் சொன்னாலும் ஹீதானாம். களவாணிப் பயலச் சொன்னாலும் ஹீதானாம்."

"அப்ப ராசாவ?"

"ராசாவும் ஹீதானாம்."

அய்யா முகவாயைத் தடவினார். "அப்பச் சரி. களவாணிய ஒசத்திட்டாகன்னு வச்சுக்க."

அதோடு விட்டிருக்கலாம். சித்தி விடவில்லை. "நாளைக்கு ஒங்க மருமக அங்கன போயி எம்மாமனாரு வந்தான், எம்மாமனாரு போனான்னு சொல்லும் பாருங்க."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அய்யாவின் நல்ல கை கைத்தடியை இறுக்கிப் பிடித்தது. "ஏ மருமக எவன்ட்டயும், எந்தப் பாசையிலயும் என்னய அப்பிடிச் சொல்லாது" என்றார். அவ்வளவு பேர் முன்னால். பெருமையாகத்தான் சொன்னார். மதினி குனிந்து தூக்குவாளியை மூடிக்கொண்டிருந்தார். அதன் மூடி இரண்டு மூன்று தடவை சரியாகப் பொருந்தவில்லை.

நேர்காணல் நாளன்று அண்ணன் சந்தைக்குப் போகவில்லை. எங்கள் வீட்டில் ஒரே ஒரு டெலிபோன், கூடத்தில், ஜன்னலை ஒட்டி ஒரு மர முக்காலியின் மேல் இருந்தது. அங்கிருந்து நாலடியில் அய்யாவின் நாற்காலி. அது அவர் இடம். அவரை அங்கிருந்து எழச் சொல்லும் எண்ணம் யாருக்கும் வரவில்லை. பிள்ளைக்குப் பெண் பார்க்க வந்தவர்களைப் போல அண்ணனும் நானும் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தோம். மதினி டெலிபோன் பக்கத்தில் நின்றார். மாமனார் முன்னால் உட்கார மாட்டார்.

மணி அடித்தது. மதினி எடுத்தார். "எஸ். எஸ், மீ" என்றார். என்னைப் பார்த்து லேசாக நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் தலையசைத்தேன். நல்ல ஆரம்பம்தான்.

எதிர்முனைக் குரல் எங்களுக்குக் கேட்காது. மதினி சொல்வது மட்டும்தான். படிப்பு, ஊர், எத்தனை வருஷ வேலை. எல்லாவற்றுக்கும் மணி மணியாகப் பதில் போனது. இலவ மரத்துக்காரருக்காகக் காத்திருந்தேன். மதினியும் காத்திருந்தார் என்று தெரிந்தது, மூச்சை இழுத்து வைத்திருந்தார். எதிர்முனை ஏதோ நீளமாகக் கேட்டது. மதினியின் மூச்சு மெதுவாக இறங்கியது.

"அட் ஹோம்?" என்றார். "இன் மை ஃபேமிலி?"

ஆஸ்பத்திரிக்கு வெளியே, வீட்டில், யாரையாவது பார்த்துக்கொண்டதுண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இலவ மரம் எங்கள் கண்முன்னாலேயே நகர்ந்து போய்விட்டது.

"எஸ்" என்றார் மதினி. "மை ஃபாதர் இன் லா."

அய்யாவுக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் மதினியின் கண்கள் ஒரு தரம் அந்த நாற்காலிப் பக்கம் போய்த் திரும்பியதை அவர் பார்த்தார்.

"தே ஹேட் எ ஸ்ட்ரோக்." நிறுத்தம். "ஐ... ஐ லிஃப்டட் தெம். எவ்ரி டே ஐ வாக்ட் தெம்."

பந்தலுக்குள் அத்தனை நாள் நடந்த ஹீயும் ஹிம்மும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. எதிர்முனை ஏதோ கேட்டது. மதினியின் கழுத்தில் வியர்வை துளிர்த்தது.

"நோ, நோ. ஒன். ஒன்லி ஒன்."

மறுபடி கேட்டது. "ஒன் பெர்சன்" என்றார் மதினி. குரல் தேய்ந்துபோயிருந்தது. "தே ஆர் ஒன் பெர்சன்."

நான் கையால் சைகை காட்டினேன். மதினி என்னைப் பார்க்கவில்லை. ரிசீவரின் சுருண்ட வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் என்னிடம் குசுகுசுத்தார். "என்னாச்சு? ஏன் நிக்குது?" நான் பதில் சொல்லும் முன் நாற்காலி கிரீச்சிட்டது.

அய்யா எழுந்துகொண்டிருந்தார். அவர் எழுவது அப்போதெல்லாம் ஒரு பெரிய காரியம். கைத்தடியை ஊன்றி, நல்ல காலை முன்னால் வைத்து, ஒரு தரம் ஆடி, நிலைத்து. அண்ணன் பிடிக்கப் போனார். அய்யா கையைத் தட்டிவிட்டார்.

"எல்லாரும் வெளிய வாங்க" என்றார், மிக மெதுவாக.

"அய்யா, போன்ல..."

"தெரியும்லே. வா வெளிய."

மதினி ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "மாமா, இருங்க" என்பது போலக் கையை நீட்டினார். அய்யா அதைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வந்து, என்னையும் வெளியே விட்டு, கதவைத் தன் கையால் இழுத்துச் சாத்தினார்.

முற்றத்தில் நின்றோம். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் எதிரே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மலைமேல் மேகம் இறங்கி, பாதி மலை இல்லாமல் இருந்தது. காற்று வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஓடியது. ஜன்னல் வழியாக மதினியின் குரல் வந்தது, சொற்கள் வரவில்லை. சொல் உதிர்ந்த பிறகு மிச்சமிருக்கிற பேச்சு, ஏறி, இறங்கி, நின்று, மறுபடி ஏறி. எந்த மொழி என்றே தெரியாத பேச்சு. யாரைப் பற்றி என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். அவர் கைத்தடியில் சாய்ந்து எங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அண்ணன் பொறுக்காமல் ஜன்னலை நோக்கி இரண்டடி வைத்தார்.

"ஏலே, இங்கன நில்லு."

நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே மதினி சிரித்தார். வாய்விட்டு. எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை, பந்தலில்தான் கேட்டிருக்கிறேன். அய்யா என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்லுது?"

"கேக்கலய்யா."

"நல்லாத்தான் சொல்லுது" என்றார்.

கதவைத் திறந்துகொண்டு மதினி வந்தபோது முகம் கழுவியது போல இருந்தது. அண்ணன் கேள்விகளை அடுக்கினார். கேட்டாக, சொன்னேன், அவ்வளவுதான் என்றார் மதினி. மாமாவைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று நான் தனியாகக் கேட்டேன். "இருந்ததச் சொன்னேன்" என்றார். அதற்கு மேல் அன்றும் சொல்லவில்லை, பிறகு எத்தனையோ வருஷம் கழித்து வந்து போனபோதும் சொல்லவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் என் அய்யா எந்தச் சொல்லாக இருந்தார் என்று எனக்குத் தெரியாது. அவரைத் தூக்கி நிறுத்திய கைகளின் கதையை, கடலுக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாத யாரோ ஒருவர் முழுதாகக் கேட்டார், வீட்டில் இருந்த நாங்கள் கேட்கவில்லை.

திராட்சைக் கொடிகளை வெட்டிவிடும் அடுத்த கவாத்து வருவதற்குள் சேதி வந்துவிட்டது. எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் படித்துச் சொன்னபோது அய்யா மாட்டைப் பார்க்க எழவில்லை. முகவாயைத் தடவிக்கொண்டு, "எப்பப் போகணுமாம்?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சம்மதம்.

அதன் பிறகான வாரங்கள் என் நினைவில் துணிகளாகத்தான் இருக்கின்றன. தைக்கக் கொடுத்த துணி, வாங்கி வந்த துணி, வெயிலில் காய்ந்த துணி. மதினி நடுவில் நின்று எதை எடுப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மடித்தார். தோட்டத்துக்கு வந்து பந்தல் பெண்களிடம் சொல்லிக்கொண்டார். சித்தி கையைப் பிடித்துக்கொண்டு, 'எங்க ஹிம்முக்கு அங்கன எதும் வேல இருந்தாச் சொல்லுத்தா, நான் நிம்மதியா இருப்பேன்' என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கிளம்பிய அன்று விடிந்தும் விடியாத நேரம். கம்பத்திலிருந்து குமுளி போகிற பஸ்ஸைப் பிடித்து, மலையேறி, அங்கிருந்து கொச்சி. அண்ணன் கொச்சி வரை போய் விமானம் ஏற்றிவிட்டு வருவார். நானும் கம்பம் பஸ் நிலையம் வரை போனேன். அய்யாவை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பெட்டியை பஸ்ஸுக்குள் ஏற்றிவிட்டுத் திரும்பினால், ஒரு ஆட்டோவிலிருந்து முதலில் கைத்தடி இறங்கியது. பிறகு அய்யா.

அய்யா நேராக மதினி முன்னால் வந்து நின்றார். டிரைவர் வண்டியைக் கிளப்பி உறுமவிட்டுக்கொண்டிருந்தார். ஈரமும் டீசல் புகையும் பூக்கடைக் கூடைகளும் சேர்ந்து எல்லாம் ஒரு திரைக்குப் பின்னால் நடப்பது போல இருந்தது.

"அங்கன ரொம்பக் குளுருமாம்ல?"

"ஆமா மாமா."

"வெத்தல கெடைக்காதாம்."

"நான்தான் வெத்தல போடுறதில்லையே மாமா."

"நான் வந்தா வேணும்ல."

மதினி அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "வாங்க. தேடி வாங்கி வைக்கிறேன்" என்றார்.

கண்டக்டர் விசில் ஊதினார். அய்யா நல்ல கையால் மதினியின் தோளை பஸ் பக்கம் திருப்பினார்.

"சரித்தா, ஏறு. படி ஈரமா இருக்கு."